ஊர்ல இருந்தப்ப கையில இருக்கறத வச்சு சமாளிச்ச அனுபவம், உங்களுக்கும் இருந்தா எழுதுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போய்ட்டே இருந்துச்சு. நான் பொறந்து வளந்தது சென்னை அம்பத்தூர். அப்பாவோட ஊரு பேராவூரணி பக்கம், அங்க தென்னந்தோப்பு தான் எல்லாருக்கும் சோறு போடுது. 2018 ஜூன்ல பெரியப்பாவுக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆச்சு, தோப்ப பாத்துக்க ஆள் இல்ல, நான் வேலைய விட்டுட்டு போய் ரெண்டு வருஷம் அங்கயே இருந்தேன்.

போன ரெண்டாவது வாரமே மோட்டார் தண்ணி இறைக்கல. கிணத்து மேட்டுல இருக்கற பழைய மோனோபிளாக். சத்தம் நல்லா வருது, ஓடுது, ஆனா பைப்புல சொட்டு தண்ணி இல்ல. நான் டவுன்ல இருக்கற மெக்கானிக்குக்கு போன் பண்ணேன், ரெண்டு நாள் ஆகும்னுட்டாரு. வெயில் காலம், கன்னு எல்லாம் வாடுது. பக்கத்து தோப்பு மாமா வரப்புல போய்ட்டு இருந்தவரு, சத்தத்த கேட்டுட்டே உள்ள வந்தாரு. மோட்டார தொடக்கூட இல்ல. "காத்த இழுக்குது மாப்ள, ஃபுட்வால்வு புடிக்கல, நீ ஊத்துற தண்ணி எல்லாம் கீழயே எறங்கிருது, ஆஃப் பண்ணு முதல்ல"ன்னாரு. ஃபுட்வால்வுன்னா கிணத்துக்குள்ள பைப்போட அடி நுனில இருக்கற வால்வு, மேல ஊத்துற தண்ணி எறங்காம அது தான் புடிக்கணும். அப்புறம் ஒரு வாளியும் கொஞ்சம் பச்சை சாணியும் கேட்டாரு. சாணிய நல்லா கரைச்சு, பெரிய கட்டி எல்லாம் கையால எடுத்து போட்டுட்டு, மோட்டாருக்கு தண்ணி ஊத்துற வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனாரு. சாணில இருக்கற நாரு எறங்கி வால்வு இடுக்குல போய் உக்காந்துக்கும், அதான் விஷயம். மேல சாதா தண்ணி ஊத்தி, அது எறங்காம நிக்குதான்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு சுவிட்ச போட சொன்னாரு. முதல்ல பச்சையா வந்துச்சு, அப்புறம் செம்மண் கலரு, அப்புறம் தெளிஞ்ச தண்ணி.

நான் அசந்து போய் நிக்கிறேன், அவரு கைய கழுவிக்கிட்டே சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "இது ரெண்டு நாளைக்கு தான் மாப்ள. ரெண்டு நாளைக்குள்ள புது வால்வு வாங்கி மாட்டிரு."

அந்த மாமாகிட்ட நான் கத்துக்கிட்டதுலயே பெருசு அந்த வார்த்தை தான்னு நெனைக்கிறேன். எத வச்சு எத அடைக்கறதுன்னு பாத்து பாத்து யார் வேணா கத்துக்கலாம். ஆனா அவரு செய்யற ஒவ்வொண்ணுக்கும் இது ராத்திரிக்கு, இது மழை வர்ற வரைக்கும், இது ஒரு வருஷத்துக்குன்னு ஒரு கணக்கு சொல்லிட்டு தான் போவாரு, அது தப்புனதே இல்ல.

அடுத்த மாசம் நான் பாத்தி வெட்டுறப்ப மண்வெட்டி பட்டு சொட்டுநீர் மெயின் பைப் கிழிஞ்சிருச்சு. ஈரத்துல பிவிசி பசை ஒட்டவே இல்ல. அவரு பழைய சைக்கிள் டியூப ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா வாரு மாதிரி கிழிச்சாரு. கிழிசலுக்கு ஒரு ஜான் முன்னாடியே ஆரம்பிச்சு, டியூப் பாதி அகலம் ஆகுற அளவுக்கு இழுத்து இழுத்து, ஒரு சுத்து மேல பாதி அடுத்த சுத்து ஏறுற மாதிரி சுத்திட்டு போனாரு, அந்தப் பக்கம் ஒரு ஜான் தாண்டி திரும்ப அதே வழில வந்து, நுனிய கடைசி சுத்துக்கு உள்ள சொருகி இறுக்குனாரு. கட்டுக்கம்பி கூட கெடையாது. நான் ட்ரை பண்ணப்ப சும்மா சுத்துனேன், தண்ணி பீச்சி அடிச்சுச்சு. "இழுத்து சுத்தணும் மாப்ள, தண்ணிய நிறுத்துறது அந்த இழுவை தான், ரப்பர் இல்ல"ன்னாரு. வெயில் படாம மண்ண போட்டு மூடச் சொன்னாரு, ஒரு வருஷம் நிக்கும்னாரு.

இதெல்லாம் சின்ன விஷயம். நவம்பர்ல கஜா புயல் வந்துச்சு.

15ந்தேதி ராத்திரி ஆரம்பிச்சது, 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, காத்து மணிக்கு 120 கிலோமீட்டர்னு சொன்னாங்க. எங்க வீட்டு ஓடு எல்லாம் போயி, அப்பாயி, பெரியப்பா, பெரியம்மா, நானு நாலு பேரும் கட்டிலுக்கு அடியில ஒண்டிக்கிட்டு இருந்தோம். மரம் விழுற சத்தம் ஒண்ணு ஒண்ணா கேக்கல, தொடர்ந்து ஒரே சத்தமா கேட்டுச்சு. விடிஞ்சு போய் எண்ணுனேன், 310 மரத்துல நின்னது 41. பெரியப்பா எழுந்து நடக்க முடியாம வாசல்ல உக்காந்து தோப்பையே பாத்துட்டு இருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. தென்னை வச்சு காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுல பாதி மரம் அவரு கையால வச்சது. (அப்புறமா நிவாரணமா மரத்துக்கு 1100 ரூவா அறிவிச்சாங்க, அதுல 500 வெட்டி அப்புறப்படுத்தற கூலி.)

அன்னிக்கு காலைல 7 மணிக்கே ஊர்ல எல்லாரும் அரிவாளும் கோடாலியுமா ரோட்டுக்கு வந்துட்டாங்க. யாரும் கூப்புடல. தெருவுல ஒரு பொண்ணு நிறைமாசம், அதான் எல்லாருக்கும் பயம். மரம் அறுக்குற மெஷின் ஊருக்கே ஒண்ணு தான், அதுக்கும் பெட்ரோல் கொஞ்சம் தான் இருக்கு. நான் போய் முதல் மரத்த முழுசா வெட்டி ஓரமா தள்ளிட்டு இருந்தேன், மாமா வந்து தடுத்தாரு. "முழுசா வெட்டாத, மொதல்ல பைக் போற அளவுக்கு ஒரு துண்டு எடு, எல்லா மரத்துலயும் அத மட்டும் எடுத்துக்கிட்டே மெயின் ரோட்டுக்கு போயிருவோம், திரும்பி வர்றப்ப வண்டி போற அளவுக்கு எடுப்போம்." அந்த யோசனை இல்லன்னா சாயங்காலம் ஆயிருக்கும். பைக் மெயின் ரோட்டுக்கு போயி வண்டிய கூட்டிட்டு வர்றதுக்குள்ள இங்க வழி அகலமாயிருச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த பொண்ண டாடா ஏஸ்ல மெத்தைய போட்டு பட்டுக்கோட்டை அனுப்பிட்டோம். பொம்பளப் புள்ள, இப்ப ஸ்கூல் போகுது.

கரண்ட் வர எங்க ஊருக்கு 27 நாள் ஆச்சு. கரண்ட் இல்லன்னா லைட்டும் ஃபேனும் தான இல்லன்னு நெனப்பீங்க, தண்ணி இல்ல, அதான் கொடுமை. எல்லா வீட்லயும் போர், உள்ள சப்மெர்சிபிள், நூறடிக்கு கீழ தண்ணி கெடக்கு எடுக்க வழி இல்ல. மைக்செட் வச்சிருக்கற அண்ணன் தன்னோட கல்யாண ஜெனரேட்டர டாடா ஏஸ்ல ஏத்தி, கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட்டுக்கு இழுக்கற ஒயர எல்லாம் சேத்துக் கட்டி, வீட்டுக்கு அரை மணி நேரம்னு முறை வச்சு டேங்க்க ரொப்பி விட்டாரு, டீசல் காசு மட்டும் பங்கு. ஜெனரேட்டர் ஓடுற அந்த அரை மணில அந்த வீட்டு திண்ணைல நாப்பது போனு சார்ஜ் ஏறிட்டு இருக்கும்.

ஆனா டீசலுக்கே டவுன்ல க்யூ நிக்க வேண்டியதாச்சு. அப்ப தான் கோயிலுக்கு பின்னாடி இருந்த பழைய கிணறு ஞாபகம் வந்துச்சு. உள்ள மட்டையும் குப்பையும் கெடந்துச்சு, எறங்கி சுத்தம் பண்ணோம். கயிறு ஓடுற சகடை இல்ல, எப்பவோ யாரோ கழட்டிட்டு போய்ட்டாங்க. எட்டாவது படிக்கிற ஒரு பையன் வீட்டுக்கு ஓடிப் போயி பழைய சைக்கிளோட முன் சக்கரத்த டயரு இல்லாம தூக்கிட்டு வந்தான். விழுந்து கெடந்த தென்னந்துண்டு ரெண்ட கிணத்துக்கு குறுக்க போட்டு, நடுவுல அந்த ரிம்ம அச்சோட வச்சு கட்டினோம். டயர் உக்கார்ற பள்ளத்துல கயிறு கச்சிதமா உக்காந்துச்சு. பால்ரஸ் இருக்கறதால குடம் அவ்ளோ லேசா வந்துச்சு, வயசான ஆயாங்க கூட ஒரு கையால இழுத்தாங்க. மாமா ரிம்ம சுத்தி பாத்துட்டு, "கிரீஸ் வையி, கரண்ட் வர்ற வரைக்கும் தாங்கும்"னாரு. தாங்குச்சு.

கூரைக்கு தார்ப்பாய் கெடைக்கல, ஃபிளெக்ஸ் பேனர் தான். கல்யாண பேனரு, காதுகுத்து பேனரு, கட்சி பேனரு எல்லாம். ஆணி அடிச்சா ஒரே காத்துல கிழிஞ்சிரும். ஓரத்த ஒரு மூங்கி குச்சில ரெண்டு சுத்து சுருட்டி, குச்சியோட சேத்து தேங்கா நாரு கயித்துல கட்டி, கயித்து நுனில மண்ணு ரொப்புன உரச்சாக்க தொங்க விட்டா எந்த காத்துக்கும் அசையாது. இது அப்பாயி சொன்னது. அப்பாயி தான் எனக்கு கீத்து முடையவும் சொல்லிக் குடுத்துச்சு. விழுந்த மரத்துல மட்டை மலையா கெடக்கு, அத நடுவுல ரெண்டா கிழிச்சு குளத்துல ரெண்டு மூணு நாள் ஊறப் போட்டா ஓலை வளையும், ஊறாம முடைஞ்சா ஒடியும். மட்டை மேலயே உக்காந்துக்கிட்டு ஒரு ஓலைய விட்டு ஒரு ஓலைய மடக்கி கோத்துக்கிட்டே போகணும். அது பேசிக்கிட்டே ஒரு நாளைக்கு முப்பது கீத்து போடும், நான் ஆறு. அது முடைஞ்ச கூரைக்கு அடியில தான் பெரியப்பா அந்த மழைக்காலம் பூரா படுத்திருந்தாரு.

வெளி மாவட்டத்துலேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் மின்வாரிய ஆளுங்க வந்து போஸ்ட் நட்டாங்க. வயலுக்குள்ள சேத்துல வண்டி போகாது, சிமெண்ட் போஸ்ட்ட வடத்துல கட்டி இருபது பேரு இழுத்துட்டு போனோம். அவங்களுக்கு சாப்பாடு எங்க தெரு தான் செஞ்சது.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க, எந்த ஊரா இருந்தாலும் சரி.

* * *

பதில்

ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கத்துல வாக்கப்பட்டவ நான். பொறந்தது மதுரை டவுனு, பைப்ப திறந்தா தண்ணி. உங்க சாணி வைத்தியத்த படிச்சதும் எங்க அத்தை ஞாபகம் வந்துருச்சு, அதான் எழுதுறேன்.

கல்யாணம் ஆகி வந்த முதல் கோடைல ஊருணி வத்திப் போச்சு. அத்தை என்னைய விடியக்காலை மூணு மணிக்கு எழுப்பி கண்மாய்க்குள்ள கூட்டிட்டு போனாங்க. அங்க மணல் பாங்கான இடத்துல ஆளுயரத்துக்கு ஊத்து தோண்டி வச்சிருந்தாங்க. உள்ள எறங்கி உக்காந்தா அடில ஒரு கை அகலத்துக்கு தண்ணி கசியும். செம்ப விட்டா கலங்கிரும், அதனால சிரட்டைய சரிச்சு வச்சு மேலாப்புல மட்டும் மோந்து மோந்து குடத்துல ஊத்தணும். ஒரு சிரட்டை எடுத்துட்டு கொஞ்ச நேரம் காத்திருக்கணும், அது ஊறும், திரும்ப ஒரு சிரட்டை. நான் அவசரப்பட்டு ஆழமா விட்டு கலக்கிட்டேன், அத்தை திட்டல, "இங்க பாருத்தா, அது குடுக்கறப்ப தான் நாம எடுக்கணும்"னாங்க. ஒரு குடம் நெறைய முக்கா மணி நேரம் ஆச்சு.

வீட்டுக்கு கொண்டாந்ததும் மண்பானைல உள் பக்கமா தேத்தாங்கொட்டைய நல்லா உரசி, அதுல தண்ணிய ஊத்தி மூடி வச்சாங்க. சாயங்காலம் பாத்தா மண்ணெல்லாம் அடில படிஞ்சு மேல கண்ணாடி மாதிரி தண்ணி. தெளிஞ்சிருச்சுன்னு அப்பிடியே குடிக்கக் கூடாது, அத்தை எப்பவும் கொதிக்க வச்சு தான் குடுப்பாங்க, அதையும் சொல்லிர்றேன்.

அப்புறம் தள்ளுவண்டி. எங்க பக்கம் வந்தவங்க பாத்துருப்பீங்க, இரும்புச் சட்டத்துல ஆறு குடம் உக்கார்ற மாதிரி வளையம் வச்சு, வீட்டுக்கு வீடு ஒண்ணு நிக்கும். எங்க வீட்டு வண்டிக்கு சக்கரம் என் வீட்டுக்காரரு பள்ளிக்கூடம் போன சைக்கிளோடது. இடுப்புல குடம் சுமந்து மூணு கிலோமீட்டர் நடந்த காலத்துல அத்தைக்கு ரெண்டு தடவ கர்ப்பம் கலைஞ்சிருக்கு. அந்த வண்டிய மாமா செஞ்சு குடுத்த அன்னிக்கு அதுக்கு மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிட்டாங்களாம். எனக்கு அத நெனச்சா இப்பவும் கண்ணு கலங்கும்.

* * *

பதில்

நான் மணப்பாறை பக்கம் மோட்டார் காயில் கட்டுற வேலை பாக்குறேன், 19 வருஷமா. பதிவு போட்டவர் சொன்ன அந்த ஒரு விஷயம், எத்தன நாள் தாங்கும்னு சொல்லிட்டு போறது, அது தான் எங்க தொழில்ல உயிர். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிர்றேன். பைப்புல, கூரைல, சக்கரத்துல எத வேணா மாத்தி போடுங்க. கரண்ட்ல மட்டும் வேணாம். பீஸ் போச்சுன்னா பீஸ் கம்பி இல்லன்னு கட்டுக்கம்பிய தடியா முறுக்கி போட்டுர்றாங்க. பீஸ் போறதே மோட்டார காப்பாத்த தான், அது போகலன்னா காயில் போகும், இல்ல ஆளு போகும். என்கிட்ட கருகி வர்ற மோட்டார்ல நெறைய இப்பிடி வந்தது தான். அதே மாதிரி பன்னிக்கு வேலில கரண்ட் விடுறது. எங்க சொந்தத்துலயே ஒருத்தர விடியக்காலை தண்ணி பாய்ச்ச போறப்ப இதுல தான் பறிகொடுத்தோம். ரெண்டு புள்ளைங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க.

* * *

பதில்

நான் எழுதுறது யாழ்ப்பாணக் கதை, வலிகாமத்தில எங்கட கிராமம். 90ஆம் ஆண்டு ஜூன்ல திரும்பச் சண்டை தொடங்கினாப் பிறகு கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடை எண்டு பெற்றோல், பற்றரி எண்டு கன சாமான் வராது, மண்ணெண்ணெய் வந்தாலும் வாங்கேலாத விலை. நான் அப்ப சின்னப் பெடியன்.

அம்மம்மா ஜாம் போத்தல்ல விளக்குச் செய்தவ. போத்தலுக்கு அடியில கொஞ்சப் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால திரியை விட்டு உள்ளுக்கே நிப்பாட்டி வைக்கிறது. நெருப்பு போத்தலுக்குள்ள சின்னனா எரியும், காத்துக்கு அணையாது, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில இரவு படிச்சு முடிச்சிடலாம். அதுக்கு முன்னால நாலு பேர் சுத்தி இருந்து படிச்சனாங்கள். அக்கா ஓ/எல் சோதனை எடுத்தது அந்த வெளிச்சத்தில தான்.

ரேடியோவுக்கு சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, கையால பெடலைச் சுத்தி டைனமோவால ஓட விடுறது. பழைய ரேடியோவுக்கால கழட்டின டயோட் நாலு வைச்சு அண்ணா அதைச் செய்தவர். வேகமாச் சுத்தினா ரேடியோ கருகிப் போடும் எண்டு ஒரு டோர்ச் பல்பையும் சேத்துக் கட்டினவர், பல்ப் கூடப் பளிச்செண்டு எரிஞ்சா நான் மெதுவாச் சுத்த வேணும், மங்கினா கெதியாச் சுத்த வேணும். பிபிசி தமிழோசை கேக்க எங்கட முத்தத்தில அயலட்டை முழுக்க வந்திருக்கும், ஒருத்தரும் மூச்சு விடாயினம். நான் பல்பைப் பாத்தபடியே சுத்திக்கொண்டிருப்பன், செய்தியில என்ன சொன்னவை எண்டு பிறகு தான் அம்மாட்டக் கேட்டு அறியிறது. மோட்டச்சைக்கிளும் மண்ணெண்ணெயில தான் ஓடினது, ஸ்ராட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலால நாலு துளி பெற்றோல் காபிரேற்றருக்கு விடுவினம்.

எத்தனை நாள் தாங்கும் எண்டு சொல்லுற மாமாவைப் பற்றி வாசிக்கேக்க யோசிச்சனான். அம்மம்மா அந்த விளக்கை ரெண்டு கிழமைக்கு எண்டு தான் செய்தவ. அஞ்சு வருஷம் எரிஞ்சது. 95 ஒக்டோபர் கடைசியில ஊரோட எழும்பி இடம்பெயரேக்க சைக்கிள் கரியர்ல, அரிசிப் பைக்கும் பாய்க்கும் நடுவில அதையும் துணியில சுத்திக் கட்டிக்கொண்டு தான் வெளிக்கிட்டனாங்கள்.

* * *

பதிவு போட்டவன் திரும்ப எழுதுறேன்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். யாழ்ப்பாணத்து அண்ணா, உங்க விளக்கு, பல்பு விஷயத்த அப்பாயிகிட்ட வாசிச்சு காட்டுனேன், கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் அந்த விளக்கு இப்ப எங்க இருக்குன்னு கேட்டுச்சு. முடிஞ்சா சொல்லுங்க, அதுகிட்ட சொல்லணும். மணப்பாறை அண்ணா, நீங்க சொன்னத எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்ல அப்பிடியே போட்டுட்டேன். முதுகுளத்தூர் அக்கா, அந்த தள்ளுவண்டிக்கு எங்க வீட்டுல இருந்தும் ஒரு கும்பிடு.

தனியா மெசேஜ்ல ரெண்டு பேரு மாமாவ பத்தி கேட்டுருந்தீங்க. 2021ல கொரோனால தவறிட்டாரு. நான் அப்ப சென்னைல இருந்தேன், போக முடியல. போன பொங்கலுக்கு போனப்ப அந்த சொட்டுநீர் பைப்ப தோண்டி பாத்தேன். அவரு ஒரு வருஷம்னு சொன்ன டியூப் அப்பிடியே இருக்கு, கசிவு இல்ல, ஆனா தொட்டா ரப்பர் வெடிச்சு விரல்ல ஒட்டுது. பெரியப்பாவோட சைக்கிள் டியூப நான் கிழிச்சு, ஒரு ஜான் முன்னாடி ஆரம்பிச்சு இழுத்து இழுத்து சுத்துனேன். முதல் தடவ சொட்டுச்சு, அவுத்துட்டு திரும்ப சுத்துனேன். மண்ண போட்டு மூடிட்டு, பக்கத்துல நின்ன சித்தப்பா மகன்கிட்ட ஒரு வருஷத்துக்கு தான்டா, அடுத்த பொங்கலுக்கு தோண்டி பாருன்னு சொல்லிட்டு வந்தேன்.